ஏரல் சண்முகசுந்தரிக்கு ஒரு டோக்கன்

ஏரலில் சண்முகசுந்தரி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதை முதன்முதலில் நம்பியவர் தூத்துக்குடி மில்லர்புரம் பலசரக்குக் கடை பிச்சையாதான். அவளுக்கு ஒரு எருமை உண்டு, புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், மாமியாருக்கு வாய் நீளம் என்பதெல்லாம் பிறகு வந்து சேர்ந்த சமாச்சாரங்கள். அவளைப் பெற்றெடுத்தவள் பிச்சையாவின் மனைவி சண்முகத்தாய். சுமந்து பெறவில்லை. தோல் டாக்டரின் அறையில், புருஷன் மாத்திரை வாங்கக் கீழே இறங்கிப் போன இடைவெளியில், வலியில்லாமல் பெற்றாள். வலியெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

அந்த வலியின் கதை வாயில் தொடங்கியது. சண்முகத்தாய்க்கு அப்போது ஐம்பது நடந்துகொண்டிருந்தது. ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தோல் உரிந்து புண்ணாகி, ரசஞ்சோறு கூட நெருப்பாக இறங்கியது. சூடு என்றார்கள். இளநீர் குடித்தாள், மணத்தக்காளிக் கீரை தின்றாள், கடையிலிருந்த வெந்தயத்தில் பாதியைத் தயிரில் ஊறப்போட்டு விழுங்கினாள். பிறகு முதுகிலும் தோளிலும் கொப்புளங்கள் கிளம்பின. தொட்டால் உடையும். உடைந்தால் தோல் நனைந்த காகிதம் போல வழுக்கிக்கொண்டு வரும். எதிர்வீட்டு சந்தனச்செல்வி பார்த்துவிட்டு, "மதினி, இது அம்மா வந்திருக்கா. முத்து முத்தா நிக்கி பாருங்க" என்று வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டுப் போனாள். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கடல் கைவிட்ட தொழிலைச் சண்முகத்தாயின் முதுகு எடுத்து நடத்தியது. ஏலம் கேட்கத்தான் ஆள் வரவில்லை.

அம்மை இறங்க வேண்டிய காலம் கடந்தும் இறங்கவில்லை. "அப்ப அக்கிதான்" என்று பிச்சையா அவளைப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டைக்கு, அக்கி எழுதுகிற வேளாரிடம் கூட்டிப் போனார். பானை வனைகிற வேளார் காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதினால் அக்கி படுத்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வேளார் அவள் முதுகில் ஒரு சிங்கமும் ஒரு நாயும் எழுதினார். இடம் தாராளமாக இருந்ததால் சிங்கத்துக்கு வால் நீளமாக அமைந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பின்சீட்டுக் கைக்குழந்தை, ரவிக்கைக்கு மேலே எட்டிப் பார்த்த சிங்கத்தைக் கண்டு அழ ஆரம்பித்து, இவர்கள் இறங்குகிறவரை நிறுத்தவில்லை. இறங்கிய பிறகு நாய் குரைத்ததாகவும் கண்டக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதும்போது வேளார் ஒன்று கேட்டார்.

"ஒண்ணு விடாம எழுதணும் தாயி. ஒண்ண விட்டுட்டாலும் அது போயி மத்ததை எல்லாம் கூப்பிட்டுட்டு வந்துரும். வேற எங்கயும் இருக்கா?"

பக்கத்தில் பிச்சையா நின்றார். வாசலில் அக்கிக்காரர்கள் சிலர் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள், காது மட்டும் உள்ளே இருந்தது.

"இல்ல" என்றாள் சண்முகத்தாய்.

இருந்தது.

அக்கியும் இல்லை என்று ஆன பிறகு தோல் டாக்டர் சரண்யாதேவியிடம் போனார்கள். எல்லோரும் கடைசியில்தான் அவரிடம் போவார்கள். டாக்டர் ஒரு துளித் தோலை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, வியாதியின் பேர் பெம்பிகஸ் என்றார். "நெலக்கரி ஏத்திட்டு வாற கப்பல் பேரு மாதிரில்லா இருக்கு" என்றார் பிச்சையா, படியிறங்கும்போது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தன் தோலைப் பகையாளி என்று நினைத்து உரித்துப் போடுகிறதாம். யாருக்கும் ஒட்டாதாம். பிச்சையா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைத் தன் பாஷையில் விளக்கினார்: "வாட்ச்மேனே பூட்டை ஒடைக்கான்னு வச்சுக்கிடுங்க. யாருகிட்டப் போயி கம்ப்ளெய்ன்ட் குடுக்க?"

ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்தது. கேட்காத வேலைகளையும் சேர்த்துச் செய்தது. தூக்கம் போனது. பசி வந்தது, மக்ரூன் பாக்கெட்டைப் பிரித்தால் திரும்ப மூட வேண்டிய தேவை ஏற்படவில்லை. முகம் ஊதி ஊதிப் பௌர்ணமி நிலா ஆனது. ஒரு சாயங்காலம் அவள் கடற்கரையில் போய் உட்கார, தண்ணீர் தன்னால் ஏறுகிறதென்று துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். அவள் எழுந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் இறக்கினார்கள். பேப்பரில் காற்றழுத்தத் தாழ்வு என்று போட்டு மழுப்பிவிட்டார்கள்.

"இப்பந்தான் மதினி ஒங்க முகத்துல லெச்சுமி களை வந்திருக்கு" என்றாள் சந்தனச்செல்வி.

பதில் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. வியாதி வந்தவளுக்கு வியாதியைச் சுமப்பது ஒரு வேலை, அதைப் பற்றி ஊர் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு லீவே கிடையாது.

வாய் ஆறியது. முதுகு ஆறி, சிங்கம் நின்ற இடத்தில் கறுத்த தழும்பு மட்டும் மிச்சம். ஆறாதது வேளார் எழுதாமல் விட்டதுதான். அது இப்போது ஒற்றையாக இல்லை. பிறப்புறுப்பின் மடிப்புகளிலும் உள்ளே போகிற வழியிலும், வாயில் வந்த மாதிரியே தோல் உரிந்து பச்சைப் புண்ணாகக் கிடந்தது. உள்பாவாடை அதில் ஒட்டிக்கொள்ளும். பிரித்து எடுத்தால் ரத்தம் கசியும். உட்கார்ந்தால் ஒரு பக்கமாக உட்கார வேண்டும்.

பிறப்புறுப்பு என்பது புத்தகத்து வார்த்தை. அதைச் சண்முகத்தாய் கண்ணால் வாசித்திருக்கிறாளே தவிர வாயால் சொன்னதில்லை. முழங்கைக்குப் பேர் இருக்கிறது, கணுக்காலுக்கு இருக்கிறது, காதுமடலுக்குக்கூட இருக்கிறது. அந்த இடத்துக்கு அவள் காதில் விழுந்த பேரெல்லாம் குழாயடியில் சண்டை போடுவதற்கென்று உண்டானவை. டாக்டரிடம் போய் வசவா சொல்ல முடியும்?

தானே வைத்தியம் பார்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள், கொஞ்சம் தேவலை. அந்தத் தைரியத்தில் ஒரு நாள் மஞ்சளைக் குழைத்துப் போட்டாள். அடுத்த நிமிஷம் அவளுக்குக் கொழும்புத் துறைமுகத்துக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. நல்ல பகல், குளியலறைக்கு ஜன்னலும் கிடையாது. இருந்தாலும் தெளிவாகத் தெரிந்தது. வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டதால் சத்தம் வெளியே போகவில்லை.

சிறுநீர் போகும்போதுதான் பெரும்பாடு. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கத்திரி வெயிலில், உப்பளத்துக் காற்று நாக்கை ஒட்டவைக்கிற ஊரில், ஒரு நாளைக்கு ஒரு தம்ளரில் நிறுத்திக்கொண்டாள். பாவாடைகளை மொட்டைமாடியில் காயப்போடாமல் குளியலறைக் கொடியிலேயே போட்டாள். கட்டிலை விட்டுவிட்டு ஹாலில் தரையில் படுத்தாள். "அந்த ரூமு ஃபேன் கடகடங்கு" என்று காரணம் சொன்னாள். பிச்சையா அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேனைச் சரிபண்ணினார். சத்தம் நின்றது. அவள் திரும்பிப் போகவில்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சத்தமில்லாத ஃபேன் மட்டும் அந்த அறையில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இரண்டு பயம். மேலே வந்தது ஒட்டாத வியாதி, சரி. கீழே வந்திருப்பதும் அதே வியாதிதான் என்று யார் சொன்னார்கள்? வெட்டை, மேகம் என்று ஊரில் காதோடு பேசுகிற வியாதிகளில் ஒன்றாக இருந்தால், 'எங்கே வாங்கினாய்' என்று கேள்வி வரும். அதுவும் இல்லையென்றால் புற்றாக இருக்கும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து, நினைக்கவும் அலுத்துப்போன ஒரு நாளில்தான் டாக்டரிடம் அடுத்த முறை வந்தது.

டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்கு. புதுசா ஒண்ணும் கிளம்பல. வேற எங்கயாவது இருக்காம்மா?"

"எங்கயும் இல்ல டாக்டரம்மா. சுத்தமாப் போயிட்டு" என்றார் பிச்சையா.

கல்யாணமான நாளிலிருந்து அவள் உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு அவர்தான் பதில் சொல்லி வருகிறார். பிரசவ வலி கண்டபோது "இன்னும் நேரம் கெடக்கு" என்று எல்லோருக்கும் சொன்னவரும் அவர்தான். மூத்தவள் ஆட்டோவில் பிறந்தாள்.

"அப்ப அடுத்த தடவை வரும்போது மாத்திரையைக் குறைக்க ஆரம்பிச்சுரலாம்" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. எங்கயாவது புண்ணு மிச்சம் இருக்கும்போது குறைச்சா, மறுபடியும் மொத்தமா கிளம்பி வந்துரும். அதுக்கப்புறம் அடக்குறது ரொம்பக் கஷ்டம். நல்லாப் பாத்துக்கிடுங்க."

சண்முகத்தாய் நிமிர்ந்தாள். ஒன்றை விட்டால் அது மற்றதையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வரும். காவியும் ஸ்டீராய்டும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. மறுபடியும் வாய் வெந்து, சோற்றைப் பார்த்துப் பயந்து, முதுகுத் தோல் பாயில் ஒட்டிக் கிடக்கிற நாட்கள் அவள் கண்முன்னால் வந்து நின்றன. இன்னொரு தடவை அதைத் தாண்ட அவளிடம் சரக்கு இல்லை.

"மாத்திரை கொறையப் போவுது. திருச்செந்தூர்ல முடி எறக்கிருவோம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் பிச்சையா சீட்டை எடுத்துக்கொண்டு கீழே மருந்துக்கடைக்குப் போனார். அவள் எழுந்தாள், கதவு வரை போனாள், திரும்பி வந்தாள்.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"எங்க சித்தி மவ ஒருத்தி இருக்கா. அவளுக்கும் இதே கணக்காத்தான் கொப்புளம். ஆனா அவளுக்கு வந்து... கீழ."

"கால்லயா?"

"கொஞ்சம் மேல."

"முழங்கால்லயா?"

சண்முகத்தாய் டாக்டரின் மேஜையைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் மேல டாக்டரம்மா. முழங்காலுக்கும் தொப்புளுக்கும் நடுவுல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "புரியுது. அவங்களை உடனே கூட்டிட்டு வாங்க. பாக்காம நான் எதுவும் சொல்ல முடியாது. எந்த ஊரு?"

"ஏரலு."

ஏரல் ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. டாக்டரின் மேஜையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. ஏரல் பக்கம் வாழை அதிகம். அந்த வழியாக வந்திருக்கலாம்.

வெளியே நர்ஸ் ஜெஸ்மி டோக்கன் நோட்டை விரித்தாள். "அடுத்த வியாழக்கிழமை போடவா? பேரு சொல்லுங்க."

"சண்முக..." என்று வாய்ப்பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். பாதி வண்டி கிளம்பியாயிற்று, பின்னால் எடுக்க முடியாது. "...சுந்தரி" என்று ஒடித்துத் திருப்பினாள்.

"ஏரல் சண்முகசுந்தரி, வியாழக்கிழமை" என்று ஜெஸ்மி படித்துக் காட்டியபோது மாத்திரைப் பையோடு பிச்சையா படியேறி வந்துகொண்டிருந்தார்.

"அது யாருளா, ஏரல்ல?"

"எங்க சித்தி மவ."

"ஒனக்கு ஏது ஏரல்ல சித்தி?"

"ஒண்ணுவிட்ட சித்தி."

"கல்யாணத்துக்கு வந்தாளா?"

"வந்தா. ஒங்களுக்குப் பந்தியத் தவிர என்ன ஞாபகம் இருக்கு?"

பிச்சையா யோசித்தார். பந்தி நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் நம்பினார்.

அன்றிலிருந்து தினமும் சுந்தரி வீட்டுக்கு வந்து போனாள். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் பிச்சையா புளியை உருட்டிக்கொண்டே விசாரிப்பார். அவள் பின்வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே பதில் சொல்வாள். நிற்பதுதான் அவளுக்குச் சௌகரியம்.

"அந்தப் பிள்ள புருஷன் என்ன செய்தான்?"

"லோடு ஆட்டோ ஓட்டுதான்."

"என்ன லோடு?"

"வாழத்தாரு."

"மாடு கண்ணு உண்டா?"

"ஒரு எருமை நிக்கி."

"பால் எவ்வளவு கறக்கும்?"

இப்படிப் போனால் எருமைக்கும் பேர் வைக்க வேண்டியிருக்கும் என்று சண்முகத்தாய்க்குத் தோன்றியது. அந்த எருமை நாளுக்கு நாள் பெருத்தது. ஒரு கட்டத்தில் ஏரல் பாதிக்கும் பால் ஊற்றியது. ஆனால் ஒன்றைக் கவனித்தாள்: சுந்தரியைப் பற்றிப் பேசும்போது தன் வாய்க்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது.

"பாவம், அவ தண்ணியே குடிக்க மாட்டங்கா" என்றாள் ஒரு நாள்.

"ஏன்?"

"குடிச்சா போகணும்லா. போனா எரியுதாம். மொளகாப்பொடியத் தூவுன மாதிரி."

பிச்சையாவின் கை புளியில் நின்றது. "புருஷன்காரன்ட்ட சொன்னாளா?"

"சொல்ல மாட்டங்கா."

"ஏன், அவன் என்ன கடிச்சா தின்னுருவான்?"

"அசிங்கமான வியாதின்னு நெனச்சுருவானோன்னு பயம். எங்க போயி வாங்குனன்னு கேட்டுருவானோன்னு. இல்லாட்டி, இவளைக் கண்டா அருவருத்துப் போயிருவானோன்னு. அதான் தள்ளித் தள்ளிப் படுக்கா."

ஒருத்தி வந்து கால் கிலோ கடலைப்பருப்பு கேட்டாள், அவர் சீனியை நிறுத்துக் கொடுத்தார்.

"கோட்டிப்பய, கூறுகெட்டவன்" என்றார் பிறகு.

"யாரு?"

"அவ புருஷன். வாழத்தார் ஏத்துத பய. பொண்டாட்டி தண்ணி குடிக்காம கெடக்கா, அதுகூடத் தெரியாம வண்டி ஓட்டிட்டுத் திரியுதாம் பாரு."

அமாவாசை வந்தது. பிச்சையா மாதாமாதம் ஏரல் சேர்மன் சாமி கோயிலுக்குப் போகிறவர். கிளம்பும்போது, "அப்பிடியே அந்தப் பிள்ளையையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருதேன். எந்தத் தெரு?" என்றார். சண்முகத்தாய்க்கு வயிற்றுக்குள் எருமை புகுந்தது.

"கோயிலுக்குப் பொறத்தால" என்றாள். கோயிலுக்குப் பின்னால் ஆறுதான் ஓடுகிறது என்பது அவர் பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தார். விபூதியைக் கொடுத்தார், செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார். ஒவ்வொன்றையும் அவர் கழற்ற எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கப்பலை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றியிருக்கலாம்.

"ஏரல்ல சண்முகசுந்தரிக்குப் பஞ்சமே இல்லளா" என்றார். "தொட்டில்ல ஒருத்தி கெடக்கா. பள்ளிக்கூடத்துல டீச்சரா ஒருத்தி. ஒருத்தி போன மாசம் செத்துப் போனா, அவ படத்துக்கு மாலை போட்டிருந்தாவ, கும்பிட்டுட்டு வந்தேன். கொப்புளக்காரியத்தான் காணல."

சண்முகத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊருக்கு எங்கயும் போயிருப்பா" என்றாள்.

"எருமைய விட்டுட்டா?"

"எருமையையும் கூட்டிட்டுப் போயிருப்பா."

"இருக்கும், இருக்கும்" என்றார் பிச்சையா, சிரிக்காமல். பிறகு மஞ்சப்பை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "வாற வியாழக்கெழம அவ டாக்டர்ட்ட வாராள்லா. இதைக் குடுத்துரு. ஏரல்ல ஒருத்தர் குடுத்துவிட்டாரு. பழைய மல்லு. புண்ணுல பாவாடை ஒட்டாது."

பைக்குள் துவைத்து மடித்த மெல்லிய பழைய வேட்டி, துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கியிருந்தது. மேல் துண்டின் ஓரத்தில் மில்லர்புரம் லாண்டரிக்காரர் போடுகிற மசிக்குறி இருந்தது. அது பிச்சையா கோயிலுக்கென்று எடுத்து வைத்திருந்த வேட்டி.

சுந்தரிக்குப் புண் எந்த இடத்தில் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பாவாடை ஒட்டுகிறது என்றும் சொன்னதில்லை. அந்தப் பாவாடைகள் காய்கிற குளியலறையில்தான் அவரும் தினமும் குளிக்கிறார்.

அவள் தலையைத் தூக்குவதற்குள் அவர் கடைக்குப் போய்விட்டிருந்தார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"வியாழக்கெழம நான் வரல. சரக்கு எறங்குது. நீ அவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வா."

வியாழக்கிழமை சரக்கு எதுவும் இறங்குவதில்லை. திங்கட்கிழமைதான் இறங்கும்.

டாக்டரின் மாடிக் கிளினிக்கில் அன்றைக்குக் கூட்டம். சண்முகத்தாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சேலைக்குள் வேட்டித் துணி மெத்தென்று இருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது எந்தக் குழியிலும் அவளுக்குக் கொழும்பு தெரியவில்லை.

"ஏரல் சண்முகசுந்தரி!" என்று ஜெஸ்மி கூப்பிட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்முகத்தாயும் அவர்களோடு சேர்ந்து சுற்றிலும் பார்த்தாள். உண்மையில் அந்த நேரத்தில், தூக்குச்சட்டியும் கையுமாக, சாண வாசனையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு சுந்தரி படியேறி வந்துவிட மாட்டாளா என்று இருந்தது. வந்தால் எல்லாவற்றையும் அவள் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"சண்முகசுந்தரி! வரலையா? அப்ப அடுத்த ஆளைக் கூப்பிடட்டா?"

"வந்திருக்கா" என்று சண்முகத்தாய் எழுந்து உள்ளே போனாள்.

டாக்டர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். "எங்கம்மா அவங்க?"

சண்முகத்தாயும் திரும்பிப் பார்த்தாள். கதவுதான் இருந்தது.

"அவ வர மாட்டா டாக்டரம்மா. எனக்குத்தான்."

டாக்டர் எழுந்தார். "ஜெஸ்மி, கதவைச் சாத்து. கொஞ்ச நேரம் யாரையும் விடாத" என்றார். திரையை இழுத்துவிட்டார். கையுறை மாட்டிக்கொண்டார். "எவ்வளவு நாளா இருக்கு?"

"அக்கி எழுதுனப்பவே ஒண்ணு இருந்துச்சு."

"எங்கிட்ட வர்றதுக்கு முந்தியேவா? இத்தனை மாசமா?"

"நீங்க கேட்டிய. அவுக பதில் சொல்லிட்டாவ."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். "உங்களைத் தனியா வச்சுக் கேட்டிருக்கணும். தப்பு என் பேர்லதான்."

படுத்தாள். காலை மடக்கினாள். மேலே ஃபேனில் தூசி படிந்திருந்தது. பார்க்க வேண்டியதை டாக்டர் மெதுவாகப் பார்த்தார். வலிக்கிற இடத்தில் "வலிக்குதா?" என்று கேட்டு நின்றார். சண்முகத்தாய் ஃபேனின் இறக்கைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு அழுதாள். வலிக்காக இல்லை. ஒருவர் பார்த்துவிட்டார் என்பதற்காக.

"இது அதே பெம்பிகஸ்தான்மா. வேற எதுவுமில்ல" என்றார் டாக்டர். "வாய்க்குள்ள இருக்கிற மாதிரிதான் அங்கயும் மெல்லிசுத் தோல். வாயில வந்தவங்கள்ல நிறைய பேருக்கு அங்கயும் வரும். சொல்றவங்கதான் கம்மி."

"ஒட்டுமா?"

"ஒட்டாது. யாருகிட்ட இருந்தும் வந்ததில்ல, யாருக்கும் போகாது."

"புத்து..."

"பாத்த வரைக்கும் அப்படி எதுவும் தெரியல. உள்ளயும் ஒரு தடவை பாத்துக்கிடணும், நான் எழுதிக் குடுக்குற லேடி டாக்டர்கிட்ட போங்க. கர்ப்பப்பை வாயில துடைச்சு எடுத்து டெஸ்ட் பண்ணாங்கன்னா இந்த வியாதி இருக்குன்னு மறக்காம சொல்லிருங்க. இது இருந்தா அந்த டெஸ்டே சில நேரம் தப்பாக் காட்டிப் பயமுறுத்திரும். இப்ப மாத்திரையைக் குறைக்கக் கூடாது. தடவ ஒரு களிம்பு தாரேன். மஞ்சள் கிஞ்சள் எதுவும் போட்டீங்களா?"

"போடல" என்றாள். ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும் என்று தோன்றியது.

"தண்ணி நல்லாக் குடிங்க. குடிக்காம இருந்தா எரிச்சல் கூடத்தான் செய்யும். போகும்போது வெதுவெதுப்பான தண்ணியை ஊத்திக்கிட்டே போங்க."

வெளியே வந்தபோது ஜெஸ்மி நோட்டோடு காத்திருந்தாள். "அக்கா, அப்ப அந்த ஏரல்காரங்க வரவே இல்லையா? பேரை அடிச்சிரவா?"

"அடிக்காத பிள்ள, இருக்கட்டும்" என்றாள் சண்முகத்தாய். "எருமை கண்ணு போட்டிருக்காம். அதான் வர முடியல."

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அலுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னும் எத்தனையோ மாதம் இதே மாத்திரை, இதே நிலா முகம், இதே லெச்சுமி களை. கடையில் இரண்டு பேர் நின்றார்கள். பிச்சையா அவர்களை அனுப்புகிறவரை அவளைப் பார்க்காத மாதிரியே இருந்தார். பிறகு நூல்கண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதனிடம் கேட்பதைப் போலக் கேட்டார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ, அந்தப் பிள்ளைக்கு?"

"தண்ணி நெறையக் குடிச்சு, போகும்போது வெந்நி ஊத்திக்கிடணுமாம். மாத்திரையக் கொறைக்கக் கூடாதாம்."

நூல்கண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். "சரி. திருச்செந்தூர் எங்க ஓடிப் போவப் போவுது. கடல்ல பாதியும் அங்கனதான் கெடக்கு."

"அதே வியாதிதானாம். ஒட்டாதாம்."

"ஒட்டுமா ஒட்டாதான்னு இங்க எவன் கேட்டான்?" என்றார். திறந்து கிடந்த மல்லிப்பொடி டின்னை இறுக்கி மூடினார். "புருஷன்ட்ட சொன்னாளா அவ?"

"சொல்லல. அவனுக்கு முன்னமே தெரியும் போல."

"பெறவு ஏன் கேக்கலையாம்?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டு வாரேன். கோட்டிப்பயலா இருப்பான்."

"இருப்பான், இருப்பான்" என்று பிச்சையா ஒப்புக்கொண்டார். "வாழத்தார் ஏத்துதவனுக்கு எப்பிடிக் கேக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் நிலையில் சாய்ந்து நின்றாள். கால் கடுத்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"தண்ணி தாங்க" என்றாள்.

பிச்சையா உள்ளே போய்ப் பானையிலிருந்து பெரிய செம்பு நிறைய மொண்டு கொண்டுவந்தார். கூட அடுப்பையும் பற்றவைத்து, வெந்நீருக்கு ஒரு சட்டியை ஏற்றிவிட்டு வந்திருந்தார். அவள் அண்ணாந்து குடித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். செம்பு கவிழ்ந்த பிறகும் சொட்டு சொட்டாக வந்ததை அவள் விடவில்லை. இன்னும் சற்று நேரத்தில் இதற்கு அனுபவிக்க வேண்டியிருக்கும். வெந்நீர் அதற்குள் காய்ந்துவிடும்.

"இன்னொரு செம்பு?" என்றார் பிச்சையா.

"அவ்வளவும் ஒரே நாள்லயா? போதும்" என்று சண்முகத்தாய் செம்பை அவரிடம் கொடுத்தாள். பிறகு ஹாலுக்குப் போய்ப் பாயையும் தலையணையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஃபேன் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அறைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போனாள்.